ஈநெட்டில் சாட்டுக்கு ஒரு சேனல், அசைவுக்கு ஒரு சேனல்

ஈநெட் என்ற நெட்வொர்க் லைப்ரரி வைத்து மல்டிபிளேயர் கேம் எழுதுகிறவர்கள், சாட், ஸ்கோர் போன்ற கட்டாயம் போய்ச் சேரவேண்டியவற்றை ஒரு சேனலிலும் (ஒரே இணைப்புக்குள் ஓடும் தனி வரிசை), வீரர் நிற்கும் இடம், திரும்பிய திசை போன்றவற்றை ‘கட்டாயம் சேர்த்துவிடு’ என்று சொல்லும் உத்தரவாதக் கொடி (flag) இல்லாமல் வேறு சேனலிலும் அனுப்புங்கள். இணைப்பைத் தொடங்கும்போதே சேனல் எண்ணிக்கையை 2 என்று கொடுத்தால் போதும்.

ஈநெட், வரிசைக்கோ போய்ச் சேர்வதற்கோ உத்தரவாதம் தராத யுடிபி மேல் ஓடினாலும், ஒவ்வொரு சேனலுக்குள்ளும் வரிசையைக் காக்கும். ஒரே சேனலில் எல்லாவற்றையும் போட்டால், தொலைந்துபோன ஒரு சாட் பாக்கெட் மறுபடி வந்து சேரும்வரை அதற்குப் பின்னால் வந்த அசைவுத் தகவலும் காத்துக் கிடக்கும். திரையில் ஆள் உறைந்து நின்றுவிட்டு அப்புறம் குதிப்பார். சேனல் பிரிந்தால் ஒன்றின் தாமதம் மற்றதைத் தொடாது.

அசைவுப் பாக்கெட்டைச் சின்னதாகவே வையுங்கள். சுமார் 1400 பைட்டைத் தாண்டினால் ஈநெட் அதைத் துண்டாக்கி, நீங்கள் வேறு மாதிரி சொல்லாவிட்டால், உத்தரவாதத்தோடுதான் அனுப்பும். பிரித்ததன் பலன் அங்கே போச்சு.

சதுரங்கம், சீட்டு மாதிரி முறைவைத்து ஆடும் கேம்களுக்கு இது தேவையே இல்லை. பிரவுசரில் ஓடும் கேமுக்கும் பொருந்தாது. அங்கே நேரடி யுடிபி கிடையாது, வெப்சாக்கெட், வெப்ஆர்டிசி போன்ற பிரவுசர் இணைப்பு முறைகள்தான் வழி.