மரம் நடும் முன்னே கேட்க வேண்டியவை: நிலத்தைக் காக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

மழை தொடங்கியதும் ஊர் ஊராக மரக்கன்று நடும் விழாக்கள் வந்துவிடும். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் அந்த நிலத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, அதை யார் புழங்குகிறார்கள் என்று கேட்காமல் இறங்கினால், கேடு பல வருஷம் கழித்துத்தான் தெரியவரும்.

பெரிய தவறு, மரமில்லாத இடத்தை எல்லாம் வெற்றிடம் என்று நினைப்பது. நீலகிரியைப் பாருங்கள். பள்ளத்தாக்கு மடிப்புகளில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியும் சேர்ந்து இருந்தால்தான் அது நீலகிரி. வரையாடு அந்தப் புல்லை நம்பி வாழ்கிறது. தோடர்களின் எருமைகள் அதில்தான் மேய்ந்தன. மேட்டில் பெய்த மழை புல்வெளியில் ஊறி ஓடைகளுக்குப் போகும். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகு இன்னும் பெரிய அளவில், அங்கே சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். தோல் பதனிடப் பட்டை, ஆலைக்குக் கூழ், அடுப்புக்கு விறகு என்று காரணங்களும் இருந்தன. விளைவு, புல்வெளியின் பெரும்பகுதி போய்விட்டது. இன்று சீகையை வெட்டினாலும் பிரச்சினை தீர்வதில்லை. மண்ணுக்குள் பல்லாண்டுகளாகக் கிடக்கும் விதைகள் வெயில் பட்டதும் முளைத்து, வெட்டிய இடத்தில் நாற்றங்கால் போல அடர்ந்து நிற்கும். வருஷா வருஷம் ஆள் வைத்துப் பிடுங்கிக்கொண்டே இருந்தால்தான் புல் திரும்பும். நடுவதற்கு ஒரு நாள் போதும், நட்டதை எடுக்க ஒரு தலைமுறை!

சமவெளியிலும் இதே கதைதான். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமான மேய்க்கால் புறம்போக்கைச் சும்மா கிடக்கும் இடம் என்று வேலி போட்டுக் கன்று நடுகிறார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு நடந்துகொண்டே இருப்பார்கள். அறுவடை முடிந்த வயலில் இரவில் மந்தையை அடைத்துக் கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த வெள்ளாமைக்கு உரம். வயல்காரர் அதற்குப் பணமோ நெல்லோ கொடுப்பார். ஒரு கிடையிலிருந்து அடுத்த கிடைக்குப் போகும்வரை ஆடு எதைத் தின்னும்? இந்த மேய்க்காலையும் வற்றிய கண்மாயின் உள்வாயையும்தான் (கரைக்கு உள்ளே நீர் தேங்கும் நிலம்). அதை அடைத்தால் மந்தை குறையும், வயல்காரர் கூடுதலாக உர மூட்டை வாங்குவார். பசுமைக் கணக்கில் இதை யாரும் சேர்ப்பதில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேடு நிலத்தின் வகையைச் சொல்லும். யார் மேய்க்கிறார்கள் என்று சொல்லாது. அதை ஊரில்தான் விசாரிக்க வேண்டும், அதுவும் கோடையில்.

அப்புறம் சீமைக் கருவேலம். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னதும் ஜேசிபிகள் பரபரப்பாக இறங்கின. அகற்ற வேண்டிய மரம்தான், சந்தேகமில்லை. ஆனால் தரையோடு வெட்டி விட்டால் தூரிலிருந்து நாலைந்து கிளையாகத் தழையும். நெற்றைத் தின்ற ஆடு மாடு, சாணத்தோடு விதையையும் போட்டுவிட்டுப் போகும். வேரோடு எடுத்து, உடனே உழுது எதையாவது விதைக்காத நிலத்தில் அது மறுபடி வந்தே தீரும். இன்னொன்று, அந்த வறண்ட ஊர்களில் நிலமில்லாத குடும்பங்கள் பல, இந்த விறகை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றுத்தான் பிழைக்கின்றன. அவர்களுக்கு மாற்று வேலை என்ன என்பதும் அகற்றும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

ஏரி குளம் தூர்வாருவதில் நடக்கும் தவறு கொஞ்சம் நுணுக்கமானது. 'எவ்வளவு ஆழமோ அவ்வளவு தண்ணீர்' என்று தோண்டிக்கொண்டே போகிறார்கள். மடையின் மட்டத்துக்குக் கீழே தேங்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது, மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். அடியில் உள்ள களிமண் அடுக்கையும் வெட்டிவிட்டால் தண்ணீர் வேகமாக இறங்கிவிடும். கரையைச் செங்குத்தாக்கிக் கல் பதித்து நடைபாதை போடுவதும் சரியல்ல. உள்ளானும் கொக்கும் இரை தேடுவது ஓரத்துச் சேற்றிலும் கணுக்கால் ஆழத் தண்ணீரிலும்தான். சரிவே இல்லாத குளத்தில் அவற்றுக்கு நிற்க இடம் ஏது? வண்டலை மட்டும் எடுத்து வயலில் போடுங்கள், வரத்துக்கால்வாயைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலான ஏரிகளுக்கு அதுவே போதும்.

கடற்கரை பற்றி ஒரு வரி: 2004 சுனாமிக்குப் பிறகு மணல்மேடுகளில் சவுக்கை நெருக்கி நட்ட சில இடங்களில், பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணல் சுருங்கிப்போனது.

கடைசியாக, காப்பது என்றால் மக்களை வெளியேற்றுவது என்ற எண்ணம். கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில் சோளகர் பழங்குடிகள் காட்டின் தரையில் சிறு தீ வைத்துப் பராமரித்து வந்தார்கள். சரணாலயமானதும் அது தடைசெய்யப்பட்டது. அதன் பிறகுதான் உண்ணிச்செடி என்ற அயல்நாட்டுக் களைப்புதர் காட்டில் பரவியது என்பது அவர்கள் கருத்து. 2006 வன உரிமைச் சட்டத்தின்படி 2011-ல் அவர்களின் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை, அதாவது காட்டைக் கூட்டாகப் பயன்படுத்தவும் காக்கவும் உரிமை, கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இப்படிக் கிடைத்தது அதுவே முதல்முறை. வேடந்தாங்கலில் விவசாயிகளை விரட்ட வேண்டிய தேவையே வரவில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்ததால், அரசு சரணாலயம் ஆக்குவதற்கு வெகு காலம் முன்பே அந்த ஊர்க்காரர்கள் வேட்டையாட வருபவர்களைத் தடுத்து வந்திருக்கிறார்கள்.