கறிச்சட்டிச் சோற்று ருசியில் ஓர் ஆட்டுத்தொடை ரோஸ்ட்

கறி வறுத்த சட்டியில் ரெண்டு கை சோற்றைப் போட்டுப் பிரட்டி, ஒட்டிக்கிடக்கும் மசாலாவை வழித்துத் தின்றிருக்கிறீர்களா? அப்படியானால் இந்தச் சமையலில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தொடையை ஓவனில் வேகவைப்பது பெரிய வித்தை இல்லை. தட்டின் அடியில் கருஞ்சிவப்பாகப் பிடித்துக் கிடப்பதைச் சாறாக்குவதில்தான் ருசி முழுக்க இருக்கிறது.

கறிக்கடையில்

ஞாயிற்றுக்கிழமை சமையலுக்குச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். அன்று அறுத்த கறியில் விறைப்பு இருக்கும். ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் கிடந்தால் தளர்ந்துவிடும்.

"அண்ணாச்சி, பின்தொடை, வெட்டாம முழுசா" என்றால் பாளையங்கோட்டையில் நான் வாங்கும் கடையில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "முழுசா கொண்டுபோய் என்ன செய்யப் போறீய?" பதில் சொல்வதற்குள் கத்தி ஓங்கிவிடும், கவனம். முழங்காலுக்குக் கீழே எலும்பை மட்டும் தட்டித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சின்ன ஓவனில் கதவு சாத்தாது. ஒன்றரைக் கிலோ தொடை ஐந்து பேருக்குத் தாராளம்.

நம் பக்கம் வெள்ளாடு என்றால்தான் மதிப்பு. குழம்புக்கு அது சரி. ரோஸ்ட்டுக்கு என் ஓட்டு செம்மறிக் குட்டிக்கு, கிடைத்தால் நம்மூர்ச் செவ்வாடு. மேலே படர்ந்திருக்கும் கொழுப்பு உருகி கறியை நனைத்துக்கொண்டே இருக்கும். அதை வழித்துப் போட வேண்டாம். வெள்ளாடுதான் கிடைத்தது என்றால் நல்லெண்ணெய் ரெண்டு கரண்டி கூடுதல்.

முதல் நாள் ராத்திரி

மிளகு ரெண்டு டீஸ்பூன், சீரகம், சோம்பு ஒவ்வொரு டீஸ்பூன். வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்து, பத்துப் பல் பூண்டு, விரல் நீள இஞ்சி, மூன்று டீஸ்பூன் தூள் உப்பு, மூன்று கரண்டி நல்லெண்ணெய் சேர்த்து அரையுங்கள். கத்தி நுனியால் தொடையில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஆழமாகக் குத்தி, மசாலாவை விரலால் உள்ளே திணித்து, மிச்சத்தை மேலே பூசி, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஓவனில்

சமைக்க ஒரு மணி நேரம் முன்பு கறியை வெளியே எடுத்து வையுங்கள். தட்டில் கால் கிலோ சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, ரெண்டு இணுக்கு கறிவேப்பிலை. அதன்மேல் தொடை. ஓரமாக ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அலுமினியத் தாளால் காற்றுப் போகாமல் மூடி 160 டிகிரியில் ரெண்டரை முதல் மூன்று மணி நேரம்.

முதல் தடவை நான் வெளிநாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்திலேயே எடுத்துவிட்டேன். ஆச்சி ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றுவிட்டு, "ஏட்டி, ஆடு இன்னும் சாகலட்டி" என்றாள். நம்மூர் ஆடு மேய்ந்து நடந்து வளர்ந்தது. தொடையில் ஜவ்வு அதிகம். அது இளகிப் பசையாவதற்கு மெல்லிய சூடும் நேரமும் வேண்டும். கடிகாரத்தை நம்பாதீர்கள். எலும்பைப் பிடித்து லேசாகத் திருகினால் கறியிலிருந்து கழன்று ஆட வேண்டும், அதுதான் பதம். அப்புறம் தாளை எடுத்துவிட்டு, 220 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் மேலே மொறுமொறுவென்று நிறம் பிடிக்கும். வெளியே எடுத்து இருபது நிமிடம் தொடாமல் விடுங்கள். உடனே அறுத்தால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும்.

ஓவன் இல்லையா? தொடையை ரெண்டாக வெட்டி, குக்கரில் ஒரு டம்ளர் தண்ணீரோடு வெங்காயம் தக்காளியும் போட்டு ஆறு விசில் விட்டு, இரும்புச் சட்டியில் நல்லெண்ணெயில் புரட்டி எடுங்கள். கொஞ்சம் மாற்றுக் குறைவுதான்.

சாறு

அந்த இருபது நிமிடம்தான் இதற்கு. தட்டில் உள்ளதைக் கிண்ணத்தில் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டால் கொழுப்பு மேலே மிதக்கும். ரெண்டு கரண்டி வைத்துக்கொண்டு மீதியை நீக்கிவிடுங்கள். காலித் தட்டில் ஒரு டம்ளர் கொதிநீரை ஊற்றி, மரக்கரண்டியால் மூலை முடுக்கெல்லாம் சுரண்டுங்கள். தண்ணீர் காப்பி நிறத்துக்கு வந்துவிடும். வாசனைக்கே பசிக்கும். ஆனால் கரிக்கட்டையாகக் கருகிய இடம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள், கசக்கும்.

சட்டியில் அந்தக் கொழுப்பைக் காயவைத்து, தட்டில் வெந்த வெங்காயம் தக்காளியை மசித்துப் போட்டு, நிறம் மாறும்வரை வதக்குங்கள். சுரண்டிய தண்ணீர், கிண்ணத்துச் சாறு எல்லாம் ஊற்றிப் பத்து நிமிடம் சுண்டவிட்டு, வடிகட்டுங்கள். கொட்டைப்பாக்கு அளவு கருப்பட்டி போடுங்கள். உடன்குடிக் கருப்பட்டி என்றால் இன்னும் நல்லது. இனிப்புத் தெரியக்கூடாது, மிளகின் காரம் மட்டும் கொஞ்சம் அடங்க வேண்டும். மைதா தேவையே இல்லை, வெங்காயமே கெட்டிப்படுத்தும்.

கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, சொதிக்கு ஊற்றுவதுபோல அரை டம்ளர் முதல் தேங்காய்ப்பால். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். கால் மூடி எலுமிச்சை பிழிந்து, இப்போதுதான் உப்புப் பார்க்க வேண்டும். முன்பே போட்டால் சுண்டச் சுண்டக் கரிக்கும். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும்.

இடியாப்பத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் மற்றவர்கள் சோறுதான் கேட்பார்கள். மீந்த சாறு ஃப்ரிட்ஜில் ஒரு நாள் தாங்கும். மறுநாள் கொதிக்கவிடாமல் சின்னத் தீயில் சுடவைத்தால் போதும்.