களவும் சிரிப்பும்: கதை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் குறும்படம் எடுக்கத் துடிக்கும் இளையவர்கள் என்னிடம் வாசித்துக் காட்டுவது பெரும்பாலும் களவுக் கதைதான். நாலு பேர், ஒரு திட்டம், அது குளறுபடியாகிறது, பார்க்கிறவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும். எனக்கும் மிகவும் பிடித்த வகை இது. கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துப் படங்களையும் இந்தப் பக்கத்துப் படங்களையும் சேர்த்தே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சித்திக்-லாலின் ‘ராம்ஜிராவ் ஸ்பீக்கிங்’ மலையாளத்தில் 1989இல் வந்தது. மறு வருஷமே பாசில் அதைத் தமிழில் ‘அரங்கேற்ற வேளை’ ஆக்கினார். இரண்டில் எது மேல் என்று டீக்கடையில் மல்லுக்கட்டியவர்கள் இங்கே ஏராளம். கடத்தல்காரன் தவறான எண்ணுக்குப் பேசிவிடுகிறான். கையில் காசில்லாத மூன்று பேர் நடுவில் புகுந்து, அவன் கேட்ட தொகையைக் கூட்டிச் சொல்லி, மிச்சத்தை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். குற்றம்தான். ஆனாலும் நாம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். ஏன் சாய்ந்தோம் என்று யோசிக்காமலே எழுத உட்காருகிறார்கள் பாருங்கள், கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

நாங்கள் எழுத வந்த காலத்தில் எங்கள் கூட்டம் செய்த பிழைகளே இன்றும் மாறாமல் வருகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒலி சரியில்லை, நீளம் கூடிவிட்டது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒருமுறை திரையிட்டாலே அவை தெரிந்துவிடும்.

கள்ளனை மடையனாக்குவது

சிரிப்பு வர வேண்டும் என்றால் கள்ளனுக்குப் புத்தி குறைவாக இருக்க வேண்டும் என்று எப்படியோ ஒரு நினைப்பு ஊறிவிட்டது. கதவு திறந்து கிடக்க ஜன்னல் வழியாக ஏறுவான், சொந்தப் பேரை உளறுவான். ஒரு தடவை சிரிப்பு வரும், அப்புறம் வராது.

இத்தாலிய இயக்குநர் மரியோ மோனிசெல்லி 1958இல் எடுத்த ஒரு படம் உண்டு. ஆங்கிலத்தில் ‘பிக் டீல் ஆன் மடோனா ஸ்ட்ரீட்’ என்ற பேரில் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். அடகுக்கடைப் பெட்டகத்தை உடைக்க ஒரு கூட்டம் கிளம்புகிறது. அவர்கள் சோம்பேறிகள் அல்ல. பெட்டகம் உடைப்பதில் கைதேர்ந்த ஒரு பழைய கள்ளனிடம் மொட்டை மாடியில் பாடம் படிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்குள் புகுந்து, சுவரை அளந்து, உயிரைக் கொடுத்து உடைக்கிறார்கள். உடைந்த சுவருக்கு அந்தப் பக்கம் அதே வீட்டின் அடுக்களை! சிரிப்பு முழுக்க அந்த உழைப்பிலிருந்து வருகிறது. பொறுப்பாக வேலை செய்கிற ஒருவனுடைய திட்டம் சரிவதைப் பார்த்தால்தான் சிரிப்போடு கொஞ்சம் மனசும் கனக்கும்.

திட்டத்தைப் பார்க்கிறவர்களிடம் மறைப்பது

இதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். ஒவ்வொரு கூட்டமும் இதைச் செய்கிறது, ஒவ்வொரு கூட்டமும் இதில் பணத்தைத் தொலைக்கிறது. எவ்வளவு சொன்னாலும் காதில் ஏறுவதில்லை என்பதால் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

குலசேகரம் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர் ரப்பர் ஷீட் களவை வைத்து ஒரு கதை எழுதினார்கள். அருமையான களம். நம் மலையோரத்தில் நிஜமாகவே நடக்கிற களவு, வேறு எந்த ஊர்க்காரனும் எழுத முடியாத கதை. பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து அழுத்தி, கொடியில் காயப் போட்டு, புகைப்புரையில் புகை போட்டால் வெள்ளை ஷீட் தேன் நிறத்துக்கு வரும். ஒரு ஷீட் ஏறக்குறைய அரைக் கிலோ. வியாபாரி அதைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். உள்ளே ஈரம் இருந்தால் வெள்ளைத் திட்டு தெரியும், விலை இறங்கிவிடும். இத்தனையும் அந்தப் பையன்களுக்கு அத்துப்படி.

கதை இதுதான். ராத்திரி புகைப்புரையில் புகுந்து, காய்ந்த ஷீட் என்று நினைத்து முந்தின நாள் போட்ட ஈர ஷீட்டைத் தூக்கி வந்துவிடுகிறார்கள். காலையில் வியாபாரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். கடைசியில் ஒரு திருப்பம்: தோட்டத்துக் காவலாளி முதலிலிருந்தே இவர்கள் ஆள். திட்டம் என்ன, எந்தக் கொடியில் எந்த ஷீட், யார் எந்த வழியாகப் போவது, எதையுமே முன்னால் சொல்லவில்லை. எல்லாம் கடைசி இரண்டு நிமிஷத்துக்காகப் பொத்தி வைக்கப்பட்டிருந்தது.

வாசித்துக் காட்டிய அன்றே சொன்னேன், இதைத் திறந்து வையுங்கள் என்று. வந்த பதில்: “அண்ணா, முன்னமே சொல்லிட்டா சஸ்பென்ஸ் போயிருமே.” இதே வார்த்தையை அதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன், பின்னும் கேட்டிருக்கிறேன்.

படம் எடுத்தார்கள். புகைப்புரையை வாடகைக்குப் பிடித்து, ராத்திரி வெளிச்சத்துக்கு ஜெனரேட்டர் வைத்து, ஒருவன் பைக்கை அடகு வைத்து எடுத்தார்கள். ஒரு சின்னக் கூடத்தில் திரையிட்டபோது நானும் இருந்தேன். மூன்று பேர் இருட்டில் எதையோ தூக்குகிறார்கள், ஓடுகிறார்கள், வியாபாரி முகம் சுளிக்கிறார். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் காவலாளி சிரித்தபோது ரெண்டு பேர் “ஓ” என்றார்கள். அவ்வளவுதான். மறுபடி எடுக்கலாம் என்று தீர்மானித்த நேரத்தில் மழை பிடித்துவிட்டது. பால்வெட்டு நின்றது, புகைப்புரையில் ஷீட்டே இல்லை. போட்ட காசு போனது போனதுதான்.

அந்தக் கதைக்குள்ளேயே சிரிப்பு இருந்தது. முதல் காட்சியில் ஒருவன் மணலில் கோடு போட்டுக் காட்டட்டும்: “லேய் மக்கா, உள்ள போனா இடது பக்கம் காஞ்சது, வலது பக்கம் நேத்து போட்டது. இருட்டுல லைட்டு அடிக்கப்பிடாது. இடது பக்கம் மட்டும் எடு.” சரி. ராத்திரி முன்கதவில் பூட்டு மாறியிருக்கிறது. பின்கதவு வழியாகப் போகிறார்கள். இடது வலதாகிவிட்டது. அவர்களுக்கு அது தோன்றவில்லை, நமக்குத் தோன்றுகிறது. அவன் நம்பிக்கையோடு இடது கையை நீட்டும்போதே கூடம் சிரிக்கத் தொடங்கிவிடும். ஈர ஷீட்டின் பாரத்தில் முனகுவதும் சொட்டுவதும் எல்லாமே சிரிப்பாகிவிடும். வியாபாரி ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். செலவு ஒரு பைசா கூடாது. மணலில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

பிபிசியின் ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்’ தொடரில் 1982இல் வந்த ஒரு காட்சி இதற்குச் சரியான பாடம். பிரபு ஒருவரின் மாளிகையில் சரவிளக்கைச் சுத்தம் செய்யத் தெரியும் என்று சொல்லி, அண்ணனும் தம்பியும் வேலையைப் பிடித்துவிடுகிறார்கள். மாடியில் தாத்தா விளக்கின் மறையைக் கழற்றுகிறார். கீழே இவர்கள் இருவரும் ஏணிமேல் நின்று விளக்குக்கு நேர்கீழே துணியை விரித்துப் பிடித்திருக்கிறார்கள். என்ன நடக்கப் போகிறது என்று நமக்கு எல்லாமே தெரியும். மேலே தட்டுகிற சத்தம் கேட்கிறது. இவர்கள் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். பின்னால் இருந்த இன்னொரு விளக்கு விழுந்து நொறுங்குகிறது. திட்டத்தை மறைத்து, விளக்கு விழுவதை மட்டும் காட்டியிருந்தால் அது வெறும் விபத்து.

நம் பக்கத்தில் நலன் குமரசாமியின் ‘சூது கவ்வும்’ (2013) இதை அழகாகச் செய்தது. கடத்தலுக்கு என்னென்ன விதிகள் என்று முதலிலேயே வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். அதிகாரத்தில் இருப்பவர்களை நெருங்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. அப்புறம் அமைச்சர் மகனில் கை வைக்கிறார்கள். விதி நமக்குத் தெரிந்ததால்தான் அதை மீறும்போது நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகப் பதறுகிறோம். இந்த வகைப் படங்கள் மேல் மக்களுக்கு இருக்கிற பிரியமே அதில்தான் இருக்கிறது. நேர்மையாக வாழ்கிற ஒருவனை ரெண்டு மணி நேரம் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். திட்டத்தைச் சொல்லாமல் அவனை எப்படிச் சேர்ப்பது?

மறைத்து வைக்கிற படங்களும் உண்டு. ‘மங்காத்தா’வில் (2011) யார் யாருக்குக் கூட்டு என்பது கடைசியில்தான் தெரியும். அங்கே விற்கிற சரக்கு வியப்பு. நீங்கள் எடுக்க வந்தது சிரிப்பு.

பணம் எதற்கு என்பதில் பூசி மெழுகுவது

“கடன் இருக்கு” என்று ஒரு வசனம் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எவ்வளவு, யாருக்கு, எந்தக் கிழமை வசூலுக்கு வருவார்கள்? மோனிசெல்லி படத்தில் ஒருவன் புகைப்படக்காரன். மனைவி சிகரெட் கடத்தி ஜெயிலில் இருக்கிறாள், கைக்குழந்தை இவன் மடியில், கேமரா ஏற்கெனவே விலைக்குப் போயாயிற்று. ஒரே காட்சியில் ஆளைப் பிடித்துப்போகும். நம் ஊரில் சுய உதவிக்குழுத் தவணை இருக்கிறது, நகைக்கடன் ஏல நோட்டீஸ் இருக்கிறது. அந்த நோட்டீஸில் இருக்கிற தேதியைத் திரையில் காட்டுங்கள்.

ஏழை வீட்டில் களவு

வேண்டாம். சிரிப்பு அங்கேயே செத்துப்போகும்.

லாக்கப் அடியைச் சிரிப்பாக்குவது

போலீஸ்காரரைக் கோமாளியாக்குவது சலித்துப்போன வழி. அதைக்கூடப் பொறுக்கலாம். ஸ்டேஷனில் ஒருவனைப் போட்டு அடிப்பதை நகைச்சுவையாக வைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. 2020இல் சாத்தான்குளத்தில் நடந்ததற்குப் பிறகு தென்மாவட்டத்துக்காரர் யாரும் அப்படி ஒரு காட்சியை எழுதவே கூடாது. நம் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1944இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, ரெண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்து, 1947இல் விடுதலையானவர். தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தவருக்கு வழக்கின் பாரம் என்னவென்று தெரிந்திருந்தது.

ஸ்டேஷனில் சிரிப்பே கிடையாதா என்றால், உண்டு. திலீஷ் போத்தனின் ‘தொண்டிமுதலும் த்ரிக்சாக்ஷியும்’ (2017) பாருங்கள். கள்ளன் சங்கிலியை விழுங்கிவிட்டான். தொண்டிப் பொருள் அவன் வயிற்றில். அது வெளியே வரும்வரை ஒரு ஸ்டேஷனே காத்துக் கிடக்கிறது. அந்தப் போலீஸ்காரர்கள் கோமாளிகள் அல்ல. மேலதிகாரிக்குப் பயந்து, வழக்கு நிற்குமா என்று கவலைப்பட்டு, தூக்கம் கெட்டு நிற்கிற மனிதர்கள்.

குலசேகரத்துக் கள்ளன் வடசென்னைக்காரனாகப் பேசுவது

நம் பையன் நம் பேச்சைப் பேசட்டும். விளவங்கோட்டுக்காரன் தோவாளைக்காரனைப் போலப் பேச மாட்டான் என்பதையும் கவனியுங்கள்.

துப்பாக்கி

உங்கள் கள்ளனுக்கு அது எங்கிருந்து கிடைத்தது? பதில் இல்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

பணத்தை என்ன செய்வது என்று யோசிக்காமல் முடிப்பது

கடைசிப் பக்கத்தில் வந்து முட்டி நிற்கிறார்கள். பணம் கிடைத்தால் தப்பு, பிடிபட்டால் சோகம். பிரிட்டிஷ் படம் ‘தி லேவண்டர் ஹில் மாப்’ (1951) தங்கத்தை உருக்கி ஈபிள் கோபுரப் பொம்மைகளாக வார்க்கிறது. அவற்றில் சில தவறுதலாகப் பள்ளிச் சிறுமிகளுக்கு விற்றுப்போக, அதன் பின்னால் ஓட்டம். கடைசியில் கதை சொல்லிக்கொண்டிருந்தவரின் கையில் விலங்கு இருப்பது தெரிகிறது. ‘தி லேடிகில்லர்ஸ்’ (1955) படத்தில் எல்லாப் பணமும் ஒரு பாட்டியின் வீட்டில் தங்கிவிடுகிறது. பாட்டி போலீஸிடம் போய் உண்மையைச் சொல்கிறார், அவர்கள் நம்பாமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். மோனிசெல்லியின் ஆட்கள் உடைத்த சுவரை விட்டுவிட்டு, அந்த அடுக்களையில் இருந்த கடலையும் பாஸ்தாவும் சேர்ந்த சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மூன்றிலும் முடிவு களவுக்குள்ளிருந்தே வருகிறது.

அந்த ஈர ஷீட்டுப் பையனுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், ஈர ஷீட்டுக்குரிய விலை. வியாபாரி எடை போட்டு, ஈரத்துக்குக் கழித்து, நோட்டை எண்ணிக் கையில் கொடுக்கட்டும். அடகில் கிடக்கும் பைக்குக்கு அது போதாது, ஆட்டோவுக்கும் மூன்று பேருக்குப் புரோட்டாவுக்கும் போதும். அங்கிருந்து எழுதுங்கள்.