விண்மீன் ஒளியைப் பாடமாக நடத்தும்போது செய்யக்கூடாத தவறுகள்

வெப்பநிலையை வீன் விதியில் (சூடு கூடக்கூட ஒளி உச்சமடையும் அலைநீளம் குறையும் என்ற விதி) போட்டு, உச்ச அலைநீளத்தைக் கண்டுபிடித்து, "இதுதான் விண்மீனின் நிறம்" என்று முடித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சூரியப் பரப்பின் வெப்பநிலை சுமார் 5,770 கெல்வின். உச்சம் 500 நானோமீட்டர் அருகே, பச்சையில் வரும். அப்படியென்றால் சூரியன் ஏன் பச்சையாக இல்லை என்று ஒரு மாணவி கேட்டால் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள். பாடமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

திருவாதிரை விண்மீனின் வெப்பநிலை ஏறக்குறைய 3,500 கெல்வின். உச்சம் 830 நானோமீட்டர், அகச்சிவப்பு. ரைஜெல் விண்மீனுக்கு 12,000 கெல்வின். உச்சம் 240 நானோமீட்டர், புற ஊதா. இரண்டு உச்சமும் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்று செம்மையாகவும் மற்றது நீலம் கலந்த வெண்மையாகவும் தெரிகிறது. எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வருகிறது என்று காட்டும் வளைவு, கண் உணரும் பகுதிக்குள் எந்தப் பக்கம் சரிகிறது என்பதே நிறத்தைத் தீர்மானிக்கிறது. சூரியனின் வளைவு அங்கே பெரிதாகச் சரிவதில்லை. எல்லா நிறமும் கலந்து வெண்மையாகிறது. வளைவுகளை மாணவர்களே ஒரே அளவுகோலில் வரையட்டும். உயரத்தைச் சமமாக்கி அச்சிட்ட படங்களை மட்டும் காட்டினால், சூடான விண்மீன் சிவப்பொளியைக் குறைவாக உமிழ்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் ஒரே பரப்பளவுக்கு, சூடானதன் வளைவு எல்லா அலைநீளத்திலும் மேலேதான் இருக்கும்.

அடுத்தது நிறமாலைக் கோடுகள், அதாவது விண்மீன் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் இடையிடையே தெரியும் கருங்கோடுகள். "கோடு அழுத்தமாக இருந்தால் அந்தத் தனிமம் அதிகம்" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். சூரிய நிறமாலையில் கால்சியம் கோடுகள் மிக வலுவானவை. ஆனால் சூரியனில் பெரும்பகுதி ஹைட்ரஜன். கண்ணுக்குத் தெரியும் கோட்டை உண்டாக்க ஹைட்ரஜன் அணு முதலில் இரண்டாம் ஆற்றல் நிலையில் இருக்க வேண்டும். சூரியப் பரப்பின் வெப்பநிலையில் நூறு கோடி அணுக்களில் ஒரு சில மட்டுமே அப்படி இருக்கும். வானியலாளர் சிசிலியா பெய்ன் 1925-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதைக் கணக்கிட்டு, ஹைட்ரஜனே மிகுதி என்று கண்டார். அது நடக்க முடியாதது என்றார் அன்றைய முன்னணி வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல். 1929-இல் அவரும் அதே முடிவுக்கு வந்தார். இந்தக் கதைக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்கலாம்.

எல்லாக் கதிர்வீச்சையும் ஆபத்து என்று ஒரே மூச்சில் சொல்வதும் கூடாது. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்து அயனியாக்கும் ஆற்றல் அதற்கு உண்டா என்று பார்க்க வேண்டும். ஹைட்ரஜன் அணுவை அயனியாக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டானிடம் (ஒளித்துகளிடம்) இருப்பதோ இரண்டு, மூன்றுதான். வானொலி அலைகளிடம் அதில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.