மேடை ஏறினால் குரல் வரமாட்டேன் என்கிறதா?

"வீட்டில் அருமையாகப் பாடுகிறாள் டீச்சர், மேடை ஏறினால் குரலே வரமாட்டேன் என்கிறது." பாட்டு கற்க வரும் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. பயத்தைப் போக்க எனக்கு வழி தெரியாது. பயந்துகொண்டே எப்படிப் பாடுவது என்று சொல்லித்தர முடியும்.

பதற்றத்தில் வாய் காயும், மூச்சு பாதியில் நிற்கும். அதைவிட மோசம், காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், கையை மீறி ஓடும். நிதானமாகப் பாடிப் பழகிய கீர்த்தனையை மேடையில் விறுவிறுவென்று எடுத்துவிட்டால், சிட்டஸ்வரம் (முன்பே அமைத்துவைத்த ஸ்வர வரிசை) வரும்போது நாக்கு புரளாது. மிருதங்கக்காரரும் பாவம், நீங்கள் பிடித்த வேகத்துக்குத்தான் வாசிப்பார். அதனால் பல்லவி எடுக்கும் முன், சொற்கள் நெருக்கமாக வரும் சரண வரி ஒன்றை மனதுக்குள் பாடிப் பாருங்கள். அது சௌகரியமாக வருகிற வேகம் எதுவோ, அதிலேயே தாளத்தைத் தொடங்குங்கள்.

முதலில் வர்ணம் (ஸ்வரமும் சொல்லும் கலந்த பயிற்சி உருப்படி) பாடுங்கள். இன்றைய கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வர்ணத்தை முதலில் வைத்தது சும்மா இல்லை. இரண்டு காலமும், அதாவது மெதுவாக ஒருமுறையும் இரட்டை வேகத்தில் ஒருமுறையும், பாடி முடிப்பதற்குள் குரல் திறந்துவிடும், மூச்சும் ஒழுங்குக்கு வரும். சொற்கள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையில் அசத்துவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சாகித்யம் (பாட்டின் வரிகள்) மறந்துவிடுமோ என்ற பயம், எப்போதும் பல்லவியிலிருந்தே பாடிப் பழகுகிறவர்களுக்குத்தான் அதிகம். நான் அடுக்களையிலிருந்தே "சரணம், மூன்றாவது வரி!" என்று குரல் கொடுப்பேன், பிள்ளைகள் அங்கிருந்து எடுக்க வேண்டும். மேடையில் வரி தொலைந்தால் முந்தைய வரியையே இன்னொரு சங்கதியோடு, அதாவது மெட்டைக் கொஞ்சம் மாற்றி, பாடுங்கள். பெரும்பாலும் அதற்குள் அடுத்தது வந்துவிடும். நாக்கை மட்டும் கடிக்காதீர்கள், அதைப் பார்த்துத்தான் சபைக்கே விஷயம் தெரியும்.

பழகுவதற்கு நவராத்திரியை விட்டால் வேறு காலம் இல்லை. கொலு வீட்டில் மைக் இருக்காது, குக்கர் விசிலடிக்கும், அனுபல்லவி நடக்கும்போதே ஒரு மாமி சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். யார் பாடச் சொன்னாலும் "தொண்டை சரியில்லை" என்று சொல்லாமல் உட்கார்ந்து பாடுங்கள். அங்கே பாடிவிட்டால் சபா ஒன்றும் பெரிதில்லை.

கச்சேரிக்கு முந்தைய நாள், உடுத்தப்போகும் பட்டுப்புடவையிலேயே சம்மணமிட்டு ஒருமுறை பாடிப் பாருங்கள். இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தால் மூச்சு அடிவயிறு வரை இறங்காது. கச்சேரி அன்றைக்குச் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். பிளாஸ்கில் வெந்நீர் இருக்கட்டும். மைக் சரிபார்க்கும்போது தம்புரா மானிட்டரில் நன்றாகக் கேட்கும்படி வைக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சுருதி காதில் விழாமல் பாடினால் யாருக்குமே உதறும்.

முதல் வரிசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்காரும் அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை: தயவுசெய்து ஐந்தாவது வரிசைக்குப் போய்விடுங்கள்.