அமெரிக்காவின் தொடக்கக் கால வரலாறு: கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலேயக் குடியேறிகளை ஏற்றிய மேஃபிளவர் கப்பல் வந்து சேர்ந்தது 1620இல். சுதந்திரப் பிரகடனம் வெளியானது 1776இல். இடையே 156 ஆண்டுகள். 1776இலிருந்து இன்னொரு 156 ஆண்டுகளை எண்ணினால், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் முதன்முறையாக அதிபராகத் தேர்வான 1932க்கு வந்துவிடுவோம். ஆனால் பாடம் கப்பலையும், அதில் வந்தவர்கள் வாம்பனோக் மக்களோடு உண்ட நன்றியறிதல் விருந்தையும் சொல்லிவிட்டு நேரே ஜார்ஜ் வாஷிங்டனிடம் தாவிவிடுவதால், இரண்டும் ஒரே தலைமுறையில் நடந்தவை என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். மற்றத் தவறுகளில் பலவும் இந்தத் தாவலின் விளைவுகள்தாம். ஆகவே, முதல் நாளிலேயே கரும்பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, அளவு பிசகாத காலக்கோடு ஒன்றை வரைந்துவிடுவது நல்லது.

அந்தக் கோட்டை 1620இல் தொடங்கக் கூடாது. ஆங்கிலேயரின் ஜேம்ஸ்டவுன் குடியிருப்பு 1607லேயே எழுந்துவிட்டது. புளோரிடாவில் ஸ்பானியர் செயின்ட் அகஸ்டின் நகரை நிறுவியது 1565இல். அவர்களுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே, ஏறத்தாழ 1100ஆம் ஆண்டளவில், இன்றைய செயின்ட் லூயிஸுக்கு எதிர்க்கரையில் கஹோகியா என்ற நகரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்கள் எழுப்பிய, சுமார் 30 மீட்டர் உயரமுள்ள மண்மேடு இன்றும் நிற்கிறது. கொலம்பஸோ 1492இல் பஹாமாஸ் தீவுகளில் இறங்கினாரே தவிர, இன்றைய அமெரிக்காவின் பெருநிலத்தில் ஒருபோதும் கால் வைக்கவில்லை. தமிழில் பாடம் சொல்பவர்கள் ‘செவ்விந்தியர்’ என்ற பழைய சொல்லைக் கைவிட்டு, வாம்பனோக், பவ்ஹாட்டன், செரோக்கி என அந்தந்த மக்களின் பெயரையே சொல்லிப் பழக்கலாம். இல்லையேல், நூற்றுக்கணக்கான மொழிகள் பேசியவர்கள் ஒரே கூட்டமாகத் தெரிவார்கள்.

நன்றியறிதல் நாளையொட்டிப் பிள்ளைகளுக்குக் காகித இறகுத் தலையணி செய்து மாட்டிவிடுவது, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பிழை. அப்படிப்பட்ட பெரிய இறகுத் தலையணி உள்நாட்டுச் சமவெளி மக்களுக்கு உரியது. மேஃபிளவரில் வந்தவர்கள் குடியேறிய பிளிமத்தில் வாழ்ந்த வாம்பனோக் மக்களுடையதன்று. வேடத்தை விட்டுவிட்டு, குடியேறிகளில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ 1621 டிசம்பரில் எழுதிய கடிதத்தின் ஒரு பத்தியைப் படிக்கக் கொடுக்கலாம். பறவை வேட்டைக்கு நால்வர் அனுப்பப்பட்டதையும், வாம்பனோக் தலைவர் மாசசோயிட் ஏறத்தாழ 90 ஆட்களோடு வந்ததையும், மூன்று நாள் விருந்து நடந்ததையும், வந்தவர்கள் ஐந்து மான்களைக் கொன்று கொண்டுவந்ததையும் அது சொல்கிறது. அவர்கள் அழைக்கப்பட்டார்களா என்பது அதில் இல்லை; வான்கோழி என்ற சொல்லும் இல்லை. கடிதத்தில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்து எழுதச் சொன்னாலே ஒரு வகுப்பு நிறைந்துவிடும். அடுத்த வகுப்புக்கு ஒரு கேள்வி போதும்: குடியேறிகளுக்கு மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்த, ஸ்குவாண்டோ என்றும் அழைக்கப்படும் டிஸ்குவாண்டமுக்கு ஆங்கிலம் எப்படித் தெரிந்தது? 1614இல் ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் அவரைக் கடத்தி ஸ்பெயினுக்குக் கொண்டுபோனான். பின்னர் இங்கிலாந்தில் வாழ்ந்து 1619இல் ஊர் திரும்பியபோது, பட்டுக்சட் என்ற அவருடைய ஊரே கொள்ளைநோயில் அழிந்திருந்தது. பிளிமத் எழுந்தது அந்த ஊரின்மீதுதான். விருந்தோடு கதையை நிறுத்துவதும் சரியன்று. 1675இல் ஆங்கிலேயருக்கு எதிராகப் போர் தொடுத்த மெட்டகோம், மாசசோயிட்டின் மகன்.

வந்தவர்கள் எல்லோரும் மதச் சுதந்திரம் தேடி வந்தார்கள் என்பது பாதி உண்மை. ஜேம்ஸ்டவுன் ஒரு வணிக நிறுவனத்தின் முயற்சி. இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய மாசசூசெட்ஸ் பியூரிட்டன்கள் தங்கள் வழிபாட்டுக்கு இடம் தேடினார்கள். ஆனால் மாற்றுக் கருத்துக் கொண்ட ரோஜர் வில்லியம்ஸை நாடு கடத்தினார்கள், குவேக்கர் என்ற வேறொரு கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டையரை 1660இல் தூக்கிலிட்டார்கள்.

அடிமை முறையைத் தென்மாநிலங்களின் விவகாரமாகச் சுருக்குவது இவற்றைவிடக் கடுமையான தவறு. 1619இல் இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்டது பலருக்குத் தெரியும். 1641இல் மாசசூசெட்ஸ் சட்டமே அடிமை முறைக்கு இடம் கொடுத்ததும், நியூயார்க்கில் அது 1827வரை நீடித்ததும் பாடத்தில் அரிதாகவே வருகின்றன. அது சட்டத்தின் துணையோடு படிப்படியாகக் கட்டப்பட்டது என்பதைக் காட்ட, வர்ஜீனியாவின் 1662ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே போதும்: பிறக்கும் குழந்தை அடிமையா இல்லையா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும் என்றது அது. இங்கிலாந்து வழக்கப்படி குழந்தையின் நிலை தந்தையைச் சார்ந்தது. இந்த மாற்றத்தால் யாருக்கு என்ன லாபம் என்று மேல்வகுப்பு மாணவர்களைக் கேட்கலாம். அடிமை ஏலத்தை வகுப்பில் நடித்துக் காட்டச் சொல்வதை மட்டும் எந்த வயதினரிடமும் செய்யக் கூடாது. அதில் கறுப்பினப் பிள்ளை ஒன்று படும் அவமானத்துக்கு எந்தப் பாடமும் ஈடாகாது.

பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய போராட்டமான ‘பாஸ்டன் தேநீர் விருந்தை’, ‘தேயிலை விலை ஏறியதால் மக்கள் கொதித்தார்கள்’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. 1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலையை மலிவாக்கியது. பிரதிநிதித்துவம் இல்லாமல் விதிக்கப்பட்ட வரி மட்டும் அப்படியே நின்றது. மலிவான சரக்கை, அதுவும் 342 பெட்டிகளை, ஏன் கடலில் கொட்ட வேண்டும் என்ற புதிரிலிருந்து தொடங்கினால் வரி, கள்ளக்கடத்தல், கம்பெனியின் தனியுரிமை மூன்றும் தாமாகவே வெளிவரும். கம்பெனியின் பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் அதை இந்தியத் தேயிலை என்று எண்ணுவதுண்டு. அது சீனத் தேயிலை.

கடைசியாக, வரைபடம். கிழக்குக் கரையில் இருந்த பதின்மூன்று ஆங்கிலேயக் குடியேற்றங்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டி மேற்கே வெற்றிடமாக விட்ட படத்தைச் சுவரில் மாட்டாதீர்கள். பிலடெல்பியாவில் பிரகடனம் வெளியான அதே 1776இல், கண்டத்தின் மறுகரையில் ஸ்பானியர் சான் பிரான்சிஸ்கோ கோட்டையை நிறுவிக்கொண்டிருந்தனர். அந்த விரிகுடாவைச் சுற்றி ஒலோனி மக்களின் ஊர்கள் இருந்தன.