சர்ச் ஸ்ட்ரெட்டனுக்கு நடக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், ஷ்ரோப்ஷயரில் இருக்கும் சிற்றூர் சர்ச் ஸ்ட்ரெட்டன். மக்கள் ஐயாயிரம் பேருக்குள். மேற்கே லாங் மிண்ட் என்ற நீளமான மேட்டுநிலம், கிழக்கே கேர் கேரடாக் மலை, நடுவில் ரயில் பாதையும் ஊரும். 1852இல் ரயில் வந்த பிறகு காற்று மாற வருகிறவர்கள் பெருகி, 'குட்டி சுவிட்சர்லாந்து' என்றே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். லண்டனிலிருந்து ஒன்றிரண்டு ரயில் மாறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். ஸ்டேஷனை விட்டு இறங்கி அரை மணி நடந்தால் மலையடிவாரம். கார் இல்லாதவர்களுக்கு இப்படி வாய்த்த ஊர்கள் இங்கிலாந்தில் குறைவு.

நடக்க எங்கே போகலாம் என்று நண்பர்கள் கேட்டால் நான் முதலில் சொல்லும் ஊர் இதுதான். போய் வந்தவர்களில் சிலர் "பெரிசா ஒண்ணும் இல்லையே" என்றார்கள். என்ன செய்தீர்கள் என்று விசாரித்தால் எல்லோர் கதையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. நகரத்தின் நேரத்தையும் பழக்கத்தையும் அப்படியே சுமந்துகொண்டு போயிருந்தார்கள். இந்த ஊருக்கு என்று ஒரு கடிகாரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால் பாதித் தவறுகள் நடக்காது.

முதல் தவறு, ஒரே நாளில் போய்த் திரும்புவது. காலை பதினோரு மணிக்கு வந்து, கார்டிங் மில் பள்ளத்தாக்கில் காரை நிறுத்தி, ஓடையில் கால் நனைத்து, டீ குடித்து, நான்கு மணிக்குக் கிளம்பினால் பார்த்தது கார் நிறுத்துமிடத்தையும் கூட்டத்தையும் மட்டும்தான். அந்தப் பள்ளத்தாக்கு, இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வசம் இருக்கிறது. உறுப்பினர் அல்லாதவர்களுக்கு பார்க்கிங் கட்டணம் உண்டு. வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் சீக்கிரமே நிறைந்துவிடும். மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே போய்ப் பாருங்கள். ஓடைச் சத்தமும் செம்மறியாடுகளின் குரலும் தவிர வேறொன்றும் கேட்காது. அதற்காகவே இரண்டு இரவு தங்க வேண்டும். வார இறுதியில் ஓர் இரவுக்கு மட்டும் அறை தர மறுக்கும் விடுதிகளும் உண்டு. முடிந்தால் வாரத்தின் நடுவில் போங்கள். வியாழன் அன்று ஊர்ச் சதுக்கத்தில் சந்தையும் இருக்கும்.

சாப்பாட்டு நேரம்

அடுத்தது சாப்பாடு. இதில் ஏமாந்தவர்கள்தான் அதிகம், நானும் ஏமாந்திருக்கிறேன். பப் திறந்திருந்தால் சாப்பாடு கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறோம். பப் இரவு பதினொன்று வரை திறந்திருக்கலாம், ஆனால் அடுப்படிக்குத் தனி நேரம். மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடிவிட்டு மாலை ஆறு மணி வாக்கில் மறுபடி திறப்பார்கள். இரவு எட்டரை, ஒன்பதுக்கு மேல் கேட்டால் சிப்ஸ் பாக்கெட்தான். திங்கள், செவ்வாயில் சில இடங்களில் சமையலே கிடையாது. ஞாயிறு மதியம் போடும் ரோஸ்ட் என்ற வறுத்த இறைச்சிச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்யாமல் போனால் மேசை கிடைப்பது கஷ்டம். மதியம் அவ்வளவு கூட்டம் பார்த்த அடுப்படி அன்று மாலை ஓய்வெடுத்துவிடும். ஒரு ஞாயிறு மாலை ஏழு மணிக்கு மலையிலிருந்து இறங்கி, மூன்று இடங்களில் கேட்டுவிட்டு, அறையில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டுப் படுத்தேன். சரி, கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்றால் அதற்கும் கணக்கு உண்டு. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தில் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம். சின்னக் கடைகளுக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் சிற்றூரில் அவையும் சீக்கிரம் மூடிவிடும்.

இப்போதெல்லாம் முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரை கட்டிக்கொண்டுதான் போகிறேன். குளிர்ந்தாலும் ருசி கெடாது, மலை உச்சியில் உட்கார்ந்து சாப்பிட அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. ஊர் டீக்கடைகளில் சைவர்களுக்கு சூப்பும் சீஸ் சாண்ட்விச்சும் பெரும்பாலும் கிடைக்கும்.

தூரமும் வானமும்

"பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம்." இதை நம்பிக் கிளம்பாதீர்கள். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குச் சொன்னார், இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். லாங் மிண்டின் உச்சியான போல் பேங்க் 516 மீட்டர். ஊரிலிருந்து சுமார் 330 மீட்டர் ஏற வேண்டும். கார்டிங் மில் வழியாக ஏறி, ஆஷஸ் ஹாலோ என்ற பள்ளத்தாக்கு வழியாகப் பக்கத்து ஊரான லிட்டில் ஸ்ட்ரெட்டனில் இறங்கி ஊர் திரும்பும் சுற்றை 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நிற்காமல் நடந்தாலே மூன்று மணி நேரம். குழந்தைகள், போட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி. ஆஷஸ் ஹாலோவின் சில இடங்களில் பாறைமேல் கால் பார்த்து வைத்துத்தான் இறங்க முடியும், அங்கே வேகமே வராது. டிசம்பரில் நான்கு மணிக்குச் சூரியன் மறைந்துவிடும், ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மலை ஏறத் தொடங்குவது சரியில்லை.

516 மீட்டர் என்றதும் நம்மில் பலருக்கு அலட்சியம் வந்துவிடுகிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். இங்கே ஆபத்து உயரத்தில் இல்லை. மேலே அகலமான, மரமில்லாத, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும், ஹெதர் என்ற குறுஞ்செடி மண்டிய புதர்வெளி. மேகம் இறங்கினால் இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. எல்லாப் பள்ளத்தாக்கும் ஒன்றுபோலவே கீழே இறங்கும். கிழக்கே இறங்க வேண்டியவர் மேற்கே இறங்கினால் மலையின் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

1865 ஜனவரி 29, ஒரு ஞாயிற்றுக்கிழமை. உல்ஸ்டாஸ்டன் ஊர்ப் பாதிரியார் டொனால்ட் கார், மலைக்கு அப்பால் உள்ள ராட்லிங்ஹோப் தேவாலயத்தில் ஆராதனை நடத்திவிட்டு லாங் மிண்ட் வழியாக வீடு திரும்பினார். வாரந்தோறும் கடந்து பழகிய வழி அது. பனிப்புயலில் வழி தவறி, சறுக்கி விழுந்து, பனியின் பிரகாசத்தில் கண் மங்கி, இரவு முழுக்க அலைந்து, ஏறத்தாழ 22 மணி நேரம் கழித்து கார்டிங் மில் பக்கம் உயிரோடு வந்து சேர்ந்தார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. ஊரில் நவம்பர் கடைசியில் நடந்த சந்தைக்கு 'இறந்தவன் சந்தை' என்ற பெயர் உண்டு. சந்தை முடிந்து மலைவழியே வீடு திரும்பியவர்கள் வழியில் இறந்ததால் வந்த பெயர் என்பார்கள். இன்றைக்கு நம்மிடம் நல்ல ஜாக்கெட் இருக்கிறது, செல்போன் இருக்கிறது. மலை மட்டும் மாறவில்லை.

செல்போனை ஒரேயடியாக நம்புவதும் தவறுதான். பள்ளத்தாக்குக்குள் சிக்னல் போய்விடும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கிளம்புமுன் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் 217 என்ற காகித வரைபடத்தையும் வாங்குங்கள். நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், ஒவ்வொரு வேலியும் அதில் தெரியும். அதில் பச்சைக் கோடுகளாகக் காட்டியவையே பொதுவழி. கறுப்புக் கோடு போட்ட பாதை தரையில் இருக்கலாம், ஆனால் நடக்க உரிமை இருக்கும் என்று சொல்ல முடியாது. அவசரம் என்றால் 999 அழைத்து முதலில் போலீஸையும், அவர்களிடம் மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், பணம் வாங்க மாட்டார்கள். ஒரு விசில் பையில் இருக்கட்டும்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும்.

அடுத்தவர் நிலத்தில் நடக்கிறோம்

என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம் இது. இங்கிலாந்தில் நடக்கும் பாதைகளில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய வயலுக்குள் போகிறது. நிலம் அவருடையது, வழி எல்லோருடையது. தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் வேலைக்கும் தேவாலயத்துக்கும் சந்தைக்கும் நடந்த ஒற்றையடிப் பாதைகள் அவை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவற்றை வரைபடத்தில் பதிவு செய்யும் வேலை தொடங்கியது. மஞ்சள் அம்பு போட்டிருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும், நீல அம்பு என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் உண்டு. லாங் மிண்டின் மேட்டில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதையை விட்டு விலகியும் நடக்கலாம். கீழே பண்ணைநிலத்தில் அப்படி முடியாது, கோட்டின்மேல்தான் நடக்க வேண்டும். கோதுமை வயலின் குறுக்கே வழி போனால் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். சில இடங்களில் பாதை பண்ணைவீட்டு முற்றத்தின் வழியாகவே போகும். பயப்பட வேண்டாம், போக உரிமை உண்டு. ஆனால் அங்கே நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். அது ஒருவருடைய வாசல்.

கேட் திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட வேண்டும். மரியாதைக்காக என்று திறந்த கேட்டை மூடிவிட்டால், ஆடுகள் தண்ணீர் குடிக்கப் போகும் வழி அடைபட்டுப் போகலாம்.

அப்புறம் மாடு. நம் ஊரில் மாட்டோடு பழகியவர்கள் இங்கேயும் நேராக நடுவில் போய்விடுவார்கள். நம் ஊர் மாடு தினமும் மனிதக் கை படும் மாடு. இங்கே இறைச்சிக்காக வளர்ப்பவை கன்றுகளோடு திறந்த வெளியில் மேய்கின்றன, புது ஆட்களைக் கண்டால் மிரளும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகாதீர்கள், ஓரமாகச் சுற்றிக்கொண்டு, ஓடாமல், நிதானமாகக் கடந்து போங்கள். நாயோடு போகும்போது மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பித்துவிடும், மாட்டின் கோபமும் அதன்மேல்தான். மேட்டில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் கட்டாயம் குட்டையான கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலம் அது. புதர்வெளியில் பார்பிக்யூ அடுப்பு வேண்டவே வேண்டாம். காய்ந்த ஹெதர் பற்றினால் அணைப்பது பெரும்பாடு.

கோடையில் ஆள் உயரத்துக்குப் பெரணி வளர்ந்து சிறிய பாதைகளை மறைத்துவிடும். அதில் உண்ணிகள் இருக்கும், சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், இரவில் உடம்பைச் சோதித்துப் பாருங்கள். ஓடைத் தண்ணீர் கண்ணாடிபோல இருந்தாலும் மேலே ஆடு மேய்கிறது, குடிக்காதீர்கள். மேட்டின் தென்மேற்கில் 1934 முதல் கிளைடர் விமானக் களம் இருக்கிறது, அங்கே இழுவைக் கம்பிகள் ஓடும் புல்வெளிக்குள் கால் வைக்கக் கூடாது.

காரும் தங்குமிடமும்

காரில் போகிறவர்கள் ஜிபிஎஸ் சொன்னபடி பர்வே சாலையில் ஏறிவிடுவார்கள். ஊரிலிருந்து லாங் மிண்ட் மேல் போகும் செங்குத்தான சாலை அது. ஒரு வண்டி போகத்தான் இடம், ஒரு பக்கம் தடுப்பில்லாத சரிவு. எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் கிடைக்கும் வரை யாராவது ரிவர்ஸில் போக வேண்டும். அதில் பழக்கம் இல்லையென்றால் காரைக் கீழேயே விட்டுவிட்டு நடங்கள். கோடை வார இறுதிகளில் மலையைச் சுற்றி வரும் ஷட்டில் பஸ் ஓடுவது வழக்கம். அந்த ஆண்டு அட்டவணையை முன்கூட்டியே பாருங்கள். ஞாயிறன்று ரயில்களும் குறைவு, திரும்பும் ரயிலை முடிவு செய்துவிட்டே அறை எடுங்கள்.

படுக்கையும் காலைச் சாப்பாடும் தரும் பி அண்ட் பி என்பது ஹோட்டல் இல்லை, அந்தக் குடும்பம் குடியிருக்கும் வீடு. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முன்பே சொல்லுங்கள், தாமதமானால் போன் செய்யுங்கள். சைவம் என்றால் முதல் நாள் மாலையே சொன்னால் காலையில் அதற்கேற்பச் செய்து வைப்பார்கள். சேறு படிந்த பூட்ஸை வாசலிலேயே கழற்றுங்கள். பாதையில் எதிரே வருகிறவர் "மார்னிங்" என்றால் பதில் சொல்லுங்கள். லண்டன் பழக்கத்தில் தலை குனிந்து போனால் அவருக்கு அது மனவருத்தம்.

இரண்டாவது நாள் மலையைத் தாண்டி ராட்லிங்ஹோப் போக ஆசைப்பட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள். எழுதுவது அப்படித்தான், ஊரார் சொல்வது 'ராச்சப்'. டாக்ஸிக்கு போன் செய்யும்போது எழுத்துக்கூட்டிப் படித்தால் எந்த ஊர் என்று திரும்பக் கேட்பார்கள். அங்கே தேவாலயத் தோட்டத்தில் 1906இல் இறந்த ரிச்சர்ட் மன்ஸ்லோவின் கல்லறை இருக்கிறது. இறந்தவரின் பாவத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்வதாக, சடலத்தருகே ரொட்டியும் ஏல் என்ற பீரும் சாப்பிட்டவர். அந்த வழக்கத்தில் கடைசி மனிதர் என்கிறார்கள். தன் குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகுதான் அவர் அதைச் செய்யத் தொடங்கினார் என்று சொல்லப்படுகிறது. கல்லறைக்குப் போய் நின்றுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே மலை ஏறித் திரும்பிவிடுங்கள்.